பஃபி முடிந்துவிட்டது, காமிக்ஸ் படிக்கலாமா?

என்கூட வேலை பார்க்கும் தம்பி ஒருத்தன் ரெண்டு மாசமாகத் தூக்கத்தைத் தொலைத்து காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி என்கிற பெண்ணைப் பற்றிய ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ டிவி தொடரை முழுசாகப் பார்த்து முடித்துவிட்டான். ஏழு சீசன், 144 எபிசோட். மறுநாள் காலை டீக்கடையில் அவன் கேட்ட முதல் கேள்வி, “அண்ணே, இதுக்கப்புறம் எட்டாவது சீசன் காமிக்ஸா வந்துருக்காமே, படிக்கலாமா?” டீ ஆறுவதற்குள் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்தேன், அது எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் இந்தப் பதிவு. கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம்.

முதலில் தொடர் எங்கே முடிந்தது என்று நினைவுபடுத்திக்கொள்வோம். 2003 மே மாதம். கதை நடக்கும் சன்னிடேல் ஊரே மண்ணுக்குள் போய்ப் பெரிய பள்ளமாகிவிட்டது. ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு ஸ்லேயர்தான், அதாவது காட்டேரிகளைக் கொல்லும் சக்தி உள்ள ஒரே ஒரு பெண்தான் என்கிற பழைய விதியை உடைத்து, அந்தச் சக்தி வரக்கூடிய பெண்கள் எல்லாருக்கும் அதைக் கொடுத்தாகிவிட்டது. பிழைத்தவர்கள் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். இனிமேல் என்ன செய்யப்போகிறோம் என்று தங்கச்சி டான் கேட்கிறாள். பஃபி பதில் சொல்லவில்லை, முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு, அதோடு சரி. எனக்குத் தெரிந்த நல்ல முடிவுகளில் அது ஒன்று. நாலு வருஷம் சும்மா இருந்துவிட்டு, 2007 மார்ச்சில், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்று வந்தார்கள்.

வந்தது யாரோ இல்லை. தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனே. (அவர் மோசமாக நடந்துகொண்டார் என்று அவரோடு வேலை செய்த நடிகர்கள் 2021-ல் சொன்னது பெரிய விஷயம், அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.) பஃபி பெயரில் டார்க் ஹார்ஸ் நிறுவனம் ஏற்கெனவே 1998-லிருந்து காமிக்ஸ் போட்டுக்கொண்டிருந்ததுதான், ஆனால் இது அட்டையிலேயே ‘சீசன் எட்டு’ என்று போட்டு வந்தது. தொடருக்கு எழுதிய ட்ரூ காடர்ட், ஜேன் எஸ்பென்ஸன் எல்லாரும் இதிலும் எழுதினார்கள், ஜார்ஜஸ் ஜான்ட்டி பெரும்பகுதியை வரைந்தார், 2008-ல் சிறந்த புதிய தொடருக்கான, காமிக்ஸ் உலகின் ஐஸ்னர் விருதும் கிடைத்தது. 40 இதழ், 2011 ஜனவரி வரை. டிவியில் ஏழு சீசனுக்கு ஆறு வருஷம்தான் ஆனது, காகிதத்தில் ஒரு சீசனுக்கே கிட்டத்தட்ட நாலு வருஷம் இழுத்தார்கள்.

லயன், முத்து காமிக்ஸை ஒளித்து வைத்துப் படித்து அடி வாங்கியவன் நான், காமிக்ஸ் என்றாலே மட்டம் என்று பேசுகிற ஆள் இல்லை. பயங்கர ஆசையோடுதான் உட்கார்ந்தேன். முதல் இதழிலேயே பஃபி ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கிறாள். ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டை, உலகம் முழுக்க ஆயிரத்து எண்ணூறு ஸ்லேயர்கள், அதில் பாதிக்கும் குறைவானவர்கள் இவள் படையில். டான் ராட்சசி உருவத்தில் கோட்டைக்குள் அடங்காமல் உட்கார்ந்திருக்கிறாள், பிறகு பாதிக் குதிரை ஆகிறாள், அதற்குப் பிறகு பொம்மை ஆகிறாள். ஒரு கட்டத்தில் எல்லாரும் நீர்மூழ்கிக் கப்பலோடு மந்திரத்தில் கிளம்பித் திபெத் மலையில் போய் இறங்குகிறார்கள், அங்கே ராட்சத தெய்வங்கள் எழுந்து வருகின்றன. முகமூடி போட்ட வில்லன் யார் என்று பார்த்தால் ஏஞ்சல், டிவி தொடரில் பஃபி காதலித்த, ஆன்மா உள்ள காட்டேரி. அப்புறம் பஃபியும் ஏஞ்சலும் வானத்தில் பறந்தபடியே கூடி, அதில் ஒரு புதிய பிரபஞ்சமே பிறக்கிறது. நான் மிகைப்படுத்தவில்லை, அப்படியேதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் காரணமாக ஒரே ஒரு விஷயம்தான் எனக்குத் தோன்றுகிறது. காசுக் கவலை போய்விட்டது. டிவியில் பஃபியின் முதல் ரெண்டு சீசனும் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தது, இன்று பார்த்தாலும் இருட்டுக் காட்சிகளில் புள்ளி புள்ளியாகத் தெரியும். கொஞ்ச நாள் கழித்து ஸ்டுடியோவின் கார் நிறுத்துமிடத்திலேயே ஒரு சுடுகாட்டு செட் போட்டுக்கொண்டார்கள், வாரா வாரம் அதே கல்லறைகள்தான், கேமராவைத் திருப்பி வைத்து ஏமாற்றுவார்கள். காட்டேரி செத்தால் தூளாகிப் போவதுகூட, ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு பிணத்தை என்ன செய்வது என்கிற தொல்லை வேண்டாம் என்பதற்காகத்தான். உலகமே அழியப்போகிறது என்றாலும் பள்ளிக்கூட லைப்ரரியில் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. அந்தப் பேச்சுக்காகத்தான் நாம் அந்தத் தொடரைப் பார்த்தோம்! காகிதத்தில் ஒரு காபிக் கோப்பை வரைகிற மைக்கும் கோட்டை வரைகிற மைக்கும் ஒரே விலை. சரி, கோட்டையையே வரைவோம் என்று வரைந்துவிட்டார்கள்.

சண்டைகூடப் பரவாயில்லை, சாவில்தான் எனக்கு உண்மையில் வலித்தது. 1998-ல் வந்த ரெண்டாவது சீசனில், ஆன்மாவை இழந்த ஏஞ்சல் ஜென்னி டீச்சரின் கழுத்தைத் திருகிக் கொல்வான். அதோடு விடுவதில்லை. அவளைக் காதலிக்கிறவர் ஜைல்ஸ், பள்ளிக்கூட லைப்ரரிக்காரர், பஃபிக்கு வழிகாட்டும் ‘வாட்சர்’. அவர் வீட்டுக்கு வருகிறார், வாசல் கதவில் ரோஜா, உள்ளே ஆபெரா இசை, மேலே வா என்று ஒரு சீட்டு. மனிதர் சிரித்துக்கொண்டே படி ஏறுகிறார். நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, ஒவ்வொரு படியாக ஏறுகிறார், நாம் சோஃபாவில் நெளிகிறோம், அந்த நேரத்தை நம்மால் ஓட்டிவிட முடியாது. எட்டாவது சீசன் காமிக்ஸில் அதே ஏஞ்சல், ட்வைலைட் என்கிற சக்தியின் பிடியில் இருக்கும்போது, அதே மாதிரி கழுத்தைத் திருகி அந்த ஜைல்ஸையே கொல்கிறான். நியாயமாகப் பார்த்தால் மனசு உடைந்திருக்க வேண்டும். நானோ பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சுற்றிலும் உலகமே இடிந்து விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு வயதான லைப்ரரிக்காரரின் சாவுக்கு அந்தப் பக்கத்தில் இடமே இல்லை.

இன்னொன்று மௌனம். 1999-ல் வந்த ‘ஹஷ்’ எபிசோடில் ஊரில் எல்லாருக்கும் குரல் போய்விடும், பாதிக்கு மேல் வசனமே கிடையாது, பார்த்தவர்களுக்கு இன்றும் அந்தச் சிரித்த முகப் பேய்கள் மிதந்து வருவது மறக்காது. பஃபியின் அம்மா சாகும் 2001 எபிசோடில் பின்னணி இசையே இல்லை. இந்த ரெண்டையும் காமிக்ஸில் எப்படிச் செய்வது? காகிதம் எப்போதுமே மௌனம்தான், இல்லாத சத்தத்தை எடுத்துப் பயமுறுத்த முடியாது. குரலையும் நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்பைக் என்கிற காட்டேரி பேசும் பலூனைப் படிக்கும்போது என் காதில் டிவியில் அவனாக நடித்த ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் குரல் கேட்டது, அதனால் அந்த வசனம் சிரிப்பு வந்தது. தொடரைப் பார்க்காத என் மனைவியிடம் அதே பக்கத்தைக் காட்டினேன், ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எது ‘அசல் தொடர்ச்சி’ என்று மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ என்கிற இன்னொரு டிவி தொடரின் கதையை மட்டும் சொல்கிறேன். 2002-ல் முடிந்த அந்தத் தொடருக்கு 2013-ல் ஐடிடபிள்யூ நிறுவனம் ‘சீசன் பத்து’ என்று காமிக்ஸ் ஆரம்பித்தது, தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர் பெயரும் அதில் இருந்தது. டிவியில் செத்துப்போன ‘லோன் கன்மென்’ என்கிற துணைப் பாத்திரங்கள் மூன்று பேரும் சாகவே இல்லை, நடித்தார்கள் என்று அதில் உயிரோடு கொண்டுவந்தார்கள். ரசிகர்களும் காசு கொடுத்து வாங்கி நம்பினார்கள். 2016 ஜனவரியில் டிவியிலேயே பத்தாவது சீசன் வந்தது, காமிக்ஸில் நடந்தது எதையும் கண்டுகொள்ளவில்லை, மூன்று பேரும் பழையபடி செத்தவர்கள்தான். நடிகர்கள் திரும்பி வந்தால் காகிதம் ஓரமாகப் போய் நிற்க வேண்டியதுதான்.

அப்படியென்றால் படிக்கவே வேண்டாமா தம்பி என்றால், படி, ஆனால் எட்டை வேகமாகப் புரட்டிவிட்டு ‘ஏஞ்சல் அண்டு ஃபெய்த்’ படி. எட்டாவது சீசன் கடைசியில் உலகத்தில் மந்திரமே இல்லாமல் போகிறது, அதற்குப் பிறகு கதையின் அளவைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார்கள். 2011-லிருந்து 2013 வரை 25 இதழ், கிறிஸ்டோஸ் கேஜ் எழுதி ரெபெக்கா ஐசக்ஸ் பெரும்பாலும் வரைந்தது. கோட்டை கிடையாது. லண்டனில் ஜைல்ஸ் விட்டுப்போன வீடு, கொன்ற குற்ற உணர்ச்சியில் புத்தி பேதலித்த மாதிரி இருக்கும் ஏஞ்சல், அவனைப் பார்த்துக்கொள்ளும் ஃபெய்த் என்கிற இன்னொரு ஸ்லேயர். தான் கொன்றவரைத் தானே எழுப்பிக் கொண்டுவருவேன் என்று ஜைல்ஸின் ஆன்மாவைத் துண்டு துண்டாகச் சேகரிக்கிறான். இது சரியா தப்பா என்று ரெண்டு பேரும் பேசிக்கொள்வதில்தான் கதை ஓடுகிறது, பழைய லைப்ரரி மேஜை திரும்பி வந்துவிட்ட மாதிரி. ஐசக்ஸ் வரையும் ஃபெய்த்தின் புருவத்தில், டிவியில் அவளாக நடித்த எலைஸா டுஷ்கு தெரிவார், ஆனால் போட்டோவைப் பார்த்து வரைந்த மாதிரி விறைப்பாக இருக்காது.

கடைசியில் ஜைல்ஸ் உயிரோடு வருகிறார், ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் உடம்பில். உள்ளே அதே வாட்சர், அதே அறிவு, அதே எரிச்சல், வெளியே பால் மணம் மாறாத முகம். டிவியில் இதைச் செய்திருந்தால் ஜைல்ஸாக நடித்த ஆன்டனி ஹெட்டை அனுப்பிவிட்டு ஒரு பையனைக் கூட்டிவர வேண்டும், ரெண்டாவது வாரமே நாம் கத்தியிருப்போம். காகிதத்தில் அவர் போகவே இல்லை. அந்தப் பையன் வாயைத் திறந்து சிடுசிடுத்ததும் எனக்கு ஹெட் குரல்தான் கேட்டது.