வெற்றிடம் செய்த வேலை

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் லீ டி பாரஸ்ட் 1907-இல் காப்புரிமை கோரிய ஆடியான் என்னும் வால்வே (மின்னணுக் கண்ணாடிக் குழாய்) வானொலியை வீடுகளுக்குக் கொண்டுவந்தது என்று வானொலியைப் பற்றிய ஒரு கட்டுரை கூறுவது பாதி உண்மையே. சூடான இழைக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு கம்பிவலையை வைத்தது அவருடைய பெரும் சாதனைதான். ஆனால் குழாய்க்குள் எஞ்சியிருக்கும் வாயுவால்தான் அது இயங்குகிறது என்று அவர் நம்பியதால், அந்த வால்வு ஒன்றைப்போல் மற்றொன்று இயங்காத நிலையிலேயே இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் லாங்மியூரும், தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி.யில் அர்னால்டும் 1912, 1913 ஆண்டுகளில் காற்றை ஏறத்தாழ முழுவதுமாக வெளியேற்றிய பிறகே அது மெல்லிய மின்குறிகளை வலுப்படுத்தும் நம்பத்தக்க பெருக்கியாயிற்று.

தோரியம் என்னும் உலோகம் கலந்த இழையைக் கட்டுரை குறிப்பிடாததும் ஒரு குறைதான். பின்னர் வந்த யூவி-201 என்னும் வானொலி வால்வின் இழை 1 ஆம்பியர் மின்னோட்டம் கேட்க, அதன் வழிவந்த, தோரியம் கலந்த இழை கொண்ட 201ஏ-வுக்கு 0.25 ஆம்பியரே போதுமாயிற்று. மின்கலத்தை நம்பியிருந்த அக்கால வீடுகளுக்கு இது சிறிய சேமிப்பன்று.