பொன்விழாச் சால்வை இருக்கட்டும், பங்கு ஏட்டைப் பாருங்கள்

ஒரே பங்கில், அதாவது ஒரே கத்தோலிக்கக் கோயிலின் சபையில், இருபது, முப்பது வருடம் இருந்த சாமியாருக்கு விழா எடுப்பதில் யாங்கோன் தமிழர்கள் குறையே வைப்பதில்லை. மாலை, சால்வை, வாழ்த்துமடல், பிரியாணி எல்லாம் உண்டு. நல்லதுதான். ஆனால் அவர் செய்த பெரிய வேலை பங்கு அலுவலக அலமாரியில் கிடக்கிறது. ஞானஸ்நான ஏட்டைச் சொல்கிறேன்.

பர்மாவில் நம் பிள்ளைகள் பலருக்கு மூன்று பெயர்: வீட்டுப் பெயர், ஞானஸ்நானப் பெயர், அடையாள அட்டையில் உள்ள பர்மியப் பெயர். பர்மியப் பெயரோடு குடும்பப் பெயர் ஒட்டி வராது. ஏட்டில் "சூசை மகன் அந்தோணி" என்று மட்டும் இருந்தால், பின்னாளில் கல்யாண ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கச் சொல்லி வந்து நிற்கும் "கோ மியோ" அவன்தான் என்று யார் சொல்வது? பழைய சாமிக்கு முகம் தெரியும். புதுச் சாமிக்கு? மூன்று பெயரையும், அம்மா பெயரையும், ஞானப்பெற்றோர் பெயரையும், பிறந்த தேதியையும் அன்றைக்கே ஏட்டில் ஏற்றிவிட வேண்டும். அப்புறம் எழுதலாம் என்று துண்டுச் சீட்டில் குறித்தது ஏட்டுக்கு வந்து சேராது.

அடுத்து ஓரக்குறிப்பு. கல்யாணம் வேறு பங்கில் நடந்தால், அங்கிருந்து ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போக வேண்டும். அந்தப் பங்கின் ஞானஸ்நான ஏட்டில், மணமானவர் பெயருக்கு நேரே ஓரத்தில் அதை எழுத வேண்டும். 1983 திருச்சபைச் சட்டத்தின் 535, 1122 எண்கள் இதைத்தான் சொல்கின்றன. விட்டுப்போனால், ஏற்கெனவே மணமானவர்கூட மணமாகாதவர் போலச் சான்றிதழ் வாங்கிவிடலாம். கல்யாணத்துக்குப் பழைய சான்றிதழ் செல்லாது, ஆறு மாதத்துக்குள் எடுத்ததைக் கொண்டுவா என்று கேட்பது இதற்காகத்தான். சாமி வீம்பு பண்ணுகிறார் என்று திட்டாதீர்கள்.

ஏட்டைக் கரையான் தின்றுவிட்டால்? யாருக்கும் பாதகமில்லாதவரை, ஞானஸ்நானம் நடந்ததற்கு நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும் என்கிறது அதே சட்டத்தின் 876ஆம் எண். ஞானத்தாய் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கி வையுங்கள்.

நீண்டகாலம் ஒரே மண்ணில் இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். 1923இல் பர்மா வந்த இத்தாலியச் சாமியார் கிளெமெந்தே விஸ்மாரா, 1988இல் இங்குள்ள மோங்பிங்கில் இறக்கும்வரை ஒரே ஒரு முறைதான், 1957இல், இத்தாலி போய்வந்தார். 2011இல் அருளாளரானார் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி). 1966இல், சுதந்திரத்துக்குப் பிறகு வந்த வெளிநாட்டுக் குருக்களை அரசு வெளியேற்றியது. சுதந்திரத்துக்கு முன்பே வந்தவர்கள்தான் தங்க முடிந்தது. அன்று மாற்றிவிட ஆளில்லை. இன்றோ 75 வயதானால் பங்குச்சாமி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். எனவே கடைசி ஒரு வருடமாவது ஒப்படைப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து வருபவர் கரேன் இனத்துச் சாமியாராக இருக்கலாம். தமிழ் எழுத்து தெரியாமல் போகலாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த இரண்டு பெரியவர்கள் பழைய சாமியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயரையும் பர்மிய எழுத்தில் தனி நோட்டில் எழுதட்டும், பக்க எண்ணோடு. மூல ஏட்டில் வெள்ளை மை பூசவே கூடாது. திருத்தம் இருந்தால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். பக்கங்களைப் போட்டோ எடுத்து ஒரு பிரதியை மறைமாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள். தத்துப்பிள்ளை விவரமெல்லாம் அதில் இருக்கும், தயவுசெய்து குடும்ப குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.