பாண்டிக்கு வர்றீங்களா? வாய்க்காலுக்கு மேற்கே ரூம் பாருங்க

விடுமுறை நெருங்கினாலே "பாண்டிக்கு வர்றோம், எந்த ஏரியாவுல ரூம் போடலாம்?" என்று நண்பர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பழைய தமிழர் பகுதியில் தங்குங்கள். வைசியாள் வீதி, ஈஸ்வரன் கோயில் வீதி, பெருமாள் கோயில் வீதி, இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே அறை கிடைத்தாலும் சரி.

எல்லோரும் முதலில் தேடுவது ஒயிட் டவுனைத்தான், அதாவது வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் பழைய பிரெஞ்சுப் பகுதியை. மஞ்சள் சுவர், காகிதப்பூ, அமைதியான தெரு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வாய்க்காலுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பதே சில தெருக்கள்தான். வார இறுதியில் அங்கே அறை வாடகை எகிறிவிடும், காரை நிறுத்த இடம் தேடியே பாதி மாலை போய்விடும். வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் தங்கினால் கடலுக்குக் கூடுதலாகப் பத்து நிமிட நடை, அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடத்துக்குக் கிடைப்பது பெரிது. திண்ணை, அதற்கு முன்னால் தெருவை ஒட்டிய தாழ்வாரம், உள்ளே முற்றம். கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு, மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல்கள். இந்தக் கலவை வீடுகளைப் பாண்டியைப் போல வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடியாது. இவற்றில் ஏராளமானவை இடிக்கப்பட்டு கான்கிரீட் கட்டடங்களாகிவிட்டன. வைசியாள் வீதியில் மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு முன்நின்று சில வீடுகளைச் சீரமைத்தது, அந்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதுப் பட்டியலில் பாராட்டும் கிடைத்தது. இப்படிச் சீரமைத்த பழைய வீடுகள் சில இன்று தங்கும் விடுதிகள். நாம் கொடுக்கும் வாடகைதான் அந்த ஓட்டுக் கூரைக்கும் மரத்தூணுக்கும் பராமரிப்புச் செலவு. எனக்கு இது முக்கியமான காரணம்.

"நாங்க வர்றதே பீச்சுக்குத்தான், ஈசிஆர்ல கடலைப் பார்த்த ரிசார்ட் போட்டுக்கறோம்" என்பவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தன. அதோடு மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது, வடக்கே கடல் நிலத்தை அரிக்கத் தொடங்கியது. நகரத்தின் முன்னால் இருந்த மணற்பரப்பு போய்க் கருங்கற்கள் வந்த கதை இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் அரிப்பு வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது. தந்திராயன்குப்பத்தில், அதாவது செரினிட்டி பீச்சில், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்களான தூண்டில் வளைவு போட்டார்கள். அங்கே மணல் நின்றது, அதற்கும் வடக்கே இருக்கும் ஊர்கள் சிக்கலில் மாட்டிக்கொண்டன. சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். படகை இழுத்துப் போடவும் வலையை உலர்த்தவும் மீனவர்களுக்கு இடமில்லை. விளம்பரப் படத்தில் விரிந்து கிடக்கும் மணலை நம்பி அந்தப் பக்கம் முன்பணம் கட்டாதீர்கள். போன வாரம் எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தைகளோடு வருபவர்கள் மணல் வேண்டுமென்றால் தெற்கே போங்கள். வீராம்பட்டினம், சுண்ணாம்பாறு பக்கம் அகலமான மணல் இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் போகும் பாரடைஸ் பீச் ஒரு பகல் பொழுதுக்குப் போதும். இறங்கிக் குளிக்கிற கடல் என்று மட்டும் நினைக்காதீர்கள், அலையின் இழுப்பு அதிகம். பிள்ளைகளைக் கணுக்கால் தண்ணீரோடு நிறுத்திவிடுங்கள்.

தங்குவது மட்டும் ஊருக்குள்ளேயே இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் பீச் ரோடு. மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை அங்கே வண்டிகள் கிடையாது. சூரியன் கடலிலிருந்து எழும் ஊர் இது. விடியற்காலையில் அறையிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, காந்தி சிலை வரை நடந்து, திரும்பும் வழியில் ஒரு காபி குடிப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஊருக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித் தங்கினால், அந்த நேரத்தில் எழுந்து வண்டியெடுத்து வருகிறவர்கள் மிகக் குறைவு.

வயதான அப்பா அம்மாவை அழைத்து வந்தால் அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்களைப் பாருங்கள். பார்க் கெஸ்ட் ஹவுஸ் கடலைப் பார்த்தே இருக்கிறது. சுத்தம், அமைதி. இரவு பத்தரைக்குக் கதவு மூடிவிடும், மதுவும் புகையும் கூடாது. இது ஒத்துவருகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஆரோவில் பக்கம் தங்குவது மரங்களுக்காக, கடலுக்காக அல்ல. அங்கே சொந்த வண்டி இல்லாமல் நகர முடியாது.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்குபவர்கள் காந்தி வீதி வழியாக வர நினைக்காதீர்கள். தெரு முழுக்கச் சந்தை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவதாக இருந்தால், எங்கே அறை எடுத்தாலும் மழைத்தண்ணீர் தேங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது.