அஞ்சு பேரை பின்னாடி நிறுத்திட்டா கோல் விழாதா?

ஃபுட்பால் மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி லைன்அப் (ஆடப்போற பதினோரு பேர் லிஸ்ட்) வரும், வந்த உடனே "அஞ்சு டிஃபண்டரா, பயந்தாங்கொள்ளி கோச்", "பஸ்ஸை பார்க் பண்ண வந்துட்டாங்க"னு, அதாவது கோல் முன்னாடி பஸ்ஸை நிறுத்துன மாதிரி கூட்டமா அடைச்சு நிக்க வந்துட்டாங்கனு, ஆரம்பிச்சிருவாங்க நம்மாளுங்க. ரொம்ப நாளா இதுல ஒரு கடுப்பு, இன்னிக்கு கொட்டிடறேன்.

அந்த 4-4-2, 3-4-3 எல்லாம் (பின்னாடி எத்தனை டிஃபண்டர், நடுவுல எத்தனை, முன்னாடி எத்தனைங்கற கணக்கு) குரூப் போட்டோ மாதிரிங்க. பால் உருள ஆரம்பிச்சதும் கலைஞ்சிரும்.

2022 வேர்ல்டு கப் மொராக்கோவையே எடுங்க. செமி ஃபைனல் வர்ற வரைக்கும் அவங்க வாங்குனது ஒரே ஒரு கோல், அதுவும் கனடா மேட்ச்ல அவங்களே போட்டுக்கிட்ட ஓன் கோல். ஸ்பெயின், போர்ச்சுகல் எல்லாம் தலைகீழா நின்னும் ஒண்ணும் நடக்கல. அப்போ பெரும்பாலும் பின்னாடி இருந்தது நாலு பேர் தான், அவங்களுக்கு முன்னாடி மிட்ஃபீல்டர் அம்ரபாத். செமில ஃபிரான்ஸ்னதும் மொராக்கோ கோச் ரெக்ராகி அஞ்சு பேரா மாத்துனாரு, அஞ்சாவது நிமிஷமே கோல்! ஒரு டிஃபண்டர் முன்னாடி பாய்ஞ்சு பாலை எடுக்கப் பாத்து மிஸ் பண்ணாரு, அவர் விட்ட இடத்துல ஃபிரான்ஸோட கிரீஸ்மன் உள்ள ஓடிட்டாரு, கடைசில தியோ ஹெர்னாண்டஸ் அடிச்சு முடிச்சாரு. காயம் பிரச்சனையும் இருந்துச்சு, இல்லேங்கல. டிஃபண்டர் அகேர்ட் வார்ம்அப்லயே விலகிட்டாரு, கேப்டன் சாய்ஸ் 21ஆவது நிமிஷம் வெளிய போனாரு, அதுக்கப்புறம் திரும்ப நாலு பேருக்கே வந்தாங்க. ஆனா ஆள் கூடுனா ஓட்டை அடையும்ங்கற கணக்கு அங்கயே செத்துப்போச்சு.

அப்ப எதுல இருக்கு விஷயம்? ஒருத்தர் நகர்ந்தா அடுத்தவர் நகர்றதுல.

எதிர் டீம் விங்கர் (ஓரத்துல ஆடற அட்டாக்கர்) கிட்ட பால் போகுதுனு வைங்க. ஃபுல் பேக், அதாவது ஓரத்து டிஃபண்டர், வெளிய போய் மறிக்கணும். அவர் போன உடனே அவருக்கும் நடு டிஃபண்டரான சென்டர் பேக்குக்கும் நடுவுல ஒரு சந்து திறக்கும், அதுக்குள்ள ஒருத்தன் ஓடி வருவான். சென்டர் பேக் அதை அடைக்கப் போனா பாக்ஸ் (கோலுக்கு முன்னாடி இருக்கற கட்டம்) நடுவுல ஸ்ட்ரைக்கர் ஃப்ரீ, அதனால டிஃபண்டர்களுக்கு முன்னாடி நிக்கற டிஃபன்சிவ் மிட்ஃபீல்டர் இறங்கணும், அவர் இறங்குனா பாக்ஸ் வாசல்ல ஷாட் அடிக்க இடம் கிடைக்கும், அதுக்கு இன்னொரு மிட்ஃபீல்டர் உள்ள வரணும். இவ்ளோவும் ரெண்டு மூணு செகண்ட்ல. ஒருத்தர் அரை செகண்ட் தூங்குனா முடிஞ்சுது. ரீப்ளேல மாட்டறது மட்டும் கடைசியா கால் நீட்டுன சென்டர் பேக், பாவம்.

இத்தாலி கோச் சாக்கி ஏசி மிலான் டீம்ல பால் இல்லாமலே ட்ரெய்னிங் கொடுத்தது சும்மாவா? பால் இங்க இருக்குனு நினைச்சுக்கிட்டு மொத்த டீமும் சேர்ந்து நகரணும். வெளிய இருந்து பாத்தா பைத்தியக்காரத்தனம். 1989, 1990 ரெண்டு வருஷமும் யூரோப்பியன் கப் (இப்போ சாம்பியன்ஸ் லீக்) அவங்களுக்குத் தான்.

இங்கிலாந்து கிளப் செல்சீக்கு கோச்சா இருந்த கான்டே கதை இன்னும் ஜோர். 2016 செப்டம்பர்ல ஆர்செனல் கிட்ட செல்சீ 3-0 அடி வாங்குனாங்க, அதுக்கப்புறம் 3-4-3க்கு மாறி லீக்ல தொடர்ந்து 13 ஜெயிச்சாங்க, அதுல முதல் ஆறு மேட்ச்ல ஒரு கோல் கூட வாங்கல. பேப்பர்ல டிஃபண்டர் ஒண்ணு கொறைஞ்சிருக்கு, நாலு மூணாச்சு! பால் எதிர் டீம் கிட்ட போனதும் ரெண்டு ஓரத்துலயும் ஆடுற மோசஸும் அலோன்சோவும் பின்னாடி இறங்குவாங்க, 5-4-1 ஆயிரும். மோசஸ் அதுவரைக்கும் விங்கரா ஆடுனவரு, கவனிங்க.

பஸ் பார்க்கிங்னா எல்லாரும் இழுக்கறது 2010 சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல், இத்தாலியோட இன்டர் மிலான் பார்சிலோனாவோட கேம்ப் நூ கிரவுண்டுல ஆடுன மேட்ச். முதல் லெக்ல (ரெண்டு மேட்ச்ல முதலாவது) இன்டர் 3-1 ஜெயிச்சிட்டு வந்திருக்காங்க, 28ஆவது நிமிஷம் இன்டரோட மோட்டாவுக்கு ரெட் கார்டு, மீதி ஒரு மணி நேரத்துக்கு மேல பத்தே பேர். 84ஆவது நிமிஷம் பார்சிலோனாவோட பீகே ஒண்ணு போட்டாரு, அவ்ளோதான், மொத்தத்துல 3-2ல இன்டர் ஃபைனலுக்குப் போயிட்டாங்க. எனக்கு அதுல மறக்காதது இன்டர் ஸ்ட்ரைக்கர் எட்டோ. முந்தின வருஷம் இதே பார்சிலோனாவுக்காக ஃபைனல்ல கோல் போட்ட ஸ்ட்ரைக்கர், அன்னிக்கு ஓரத்துல ஃபுல் பேக் மாதிரி ஓடி ஓடி அடைச்சிட்டு இருந்தாரு. அந்த மேட்ச் லைன்அப்ல அவர் பேருக்கு நேரா ஃபார்வர்டுனு தான் போட்டிருக்கும்.