சாமி வந்தது யாருக்கு?

சனிக்கிழமை எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. வீடியோ எடுத்த புண்ணியவான்கள் எல்லாருக்கும் அனுப்பி முடித்துவிட்டார்கள். லிஃப்ட் ரிப்பேருக்கு ஆன 48,000 ரூபாய்க்கு ரசீது எங்கே என்று கேட்டேன். மூன்றாவது முறை கேட்கும்போது குரல் உயர்ந்தது, ஒத்துக்கொள்கிறேன். "விடுங்க சார், மேடத்துக்கு மெனோபாஸ் டைம்" என்றார் அந்தப் பெரிய மனிதர். எல்லாரும் சிரித்தார்கள். பெண்களும்தான்.

ஆக, மெனோபாஸ் என்றால் மாதவிலக்கு நிற்கும் பருவம் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது! மகளிர் தினத்துக்கு இதைப் பற்றிப் பேச ஒரு டாக்டரைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னபோது, "குழந்தைங்க வருவாங்க மேடம்" என்று கோலப்போட்டி வைத்தவர்கள் இவர்கள். நாங்கள் பேசினால் அசிங்கம். அவர்கள் கிண்டலடித்தால் நகைச்சுவை.

"ஆனா உனக்கு எரிச்சல் வர்றது உண்மைதானே?" என்று இன்பாக்ஸில் ஒரு தோழி. உண்மைதான். வயது 48. மாதவிலக்கு கடைசியாக வந்து ஒன்பது மாதம் ஆகிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு, நடுவில் ஒருமுறை எட்டிப்பார்த்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ராத்திரி 2 மணிக்கு நைட்டி நனைந்து எழுந்து உட்காருகிறேன். பால் பொங்கி வழிந்ததற்கு அழுதிருக்கிறேன். டாக்டர் தைராய்டையும் சோதித்துவிட்டுச் சொன்னார்: ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்கும்போது தூக்கமும் மனசும் சேர்ந்து ஆடும், நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பே தொடங்கிவிடும். சரி, ஆடட்டும். என் மனசு ஆடினால் 48,000 ரூபாய்க்கு ரசீது வந்துவிடுமா?

"ஆம்பளைக்கும்தான் கஷ்டம் இருக்கு" என்பவர்கள் தனியாகப் பதிவு போடுங்கள், முதல் லைக் என்னுடையது. "இதையெல்லாமா வெளியே சொல்வது" என்பவர்களுக்கு: வயசுக்கு வந்தபோது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்து, ஸ்பீக்கர் கட்டி, தாய்மாமன் சீரோடு ஊருக்கே சொன்னது நீங்கள்தான். வந்ததை ஊரே கொண்டாடலாம், நிற்பதை நான் என் வாயால் சொல்லக் கூடாதா?

"நம்ம அம்மா, பாட்டியெல்லாம் இதைப் பேசிக்கிட்டா இருந்தாங்க?"

பேசவில்லை. அம்மாவுக்கு அப்போது 47 இருக்கும். மார்கழிக் குளிரில், நடுராத்திரியில் கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்வாள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து சும்மா அழுவாள். அப்பா எங்கோ கூட்டிப்போய் மந்திரித்துத் தாயத்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான் காலேஜ் முதல் வருடம். "அம்மாவுக்குச் சாமி வந்திருச்சுடா" என்று தம்பியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சனிக்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எங்கேயோ கேட்டது மாதிரி இருந்தது.

நேற்று போனில் கேட்டேன், "உனக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்மா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "பைத்தியம் பிடிக்குதோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்டி. யார்கிட்ட சொல்ல?" என்றாள். வீட்டில் நான் ஒரு பெண் இருந்தேன் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும். அன்று அந்த ஹாலில் சிரித்தவர்களில் ஒருவர் ராத்திரி 11 மணிக்கு வந்து கதவைத் தட்டினார். என் வயதுதான். வாசலிலேயே நின்று, "அந்த டாக்டர் நம்பர் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். கொடுத்தேன். ஏன் சிரித்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.