அந்தத் தம்பி அழுதது உங்களை ஏன் உறுத்துகிறது?

ஜெர்மனிக்குப் படிக்க வந்த பதினோராம் நாள் ஒரு தம்பி போட்ட வீடியோ நேற்றிலிருந்து இல்லை. எடுத்துவிட்டான். வந்த நாட்களைப் பற்றிப் பேசி, கடைசியில் தனிமை தாங்காமல் அழுத வீடியோ அது. அதன் கீழே வந்தவற்றை முழுக்கப் படித்தேன். "அப்பன் காசில் போய் அழுகிறான்", "அடுத்த பிளைட்டைப் பிடித்துத் திரும்பி வா." இரண்டு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை.

அவன் அப்படி என்னதான் சொல்லிவிட்டான்? நாடு மோசம் என்றானா? வழி கேட்டதற்கு ஒரு பாட்டி கூடவே நடந்து வந்து காட்டினார் என்று சந்தோஷமாகச் சொன்னான். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று ஆச்சரியப்பட்டான். கடைசி ஒரு நிமிஷம்தான், "வந்ததிலிருந்து என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை" என்றபோது குரல் உடைந்தது. அது புகார் இல்லை. வந்திறங்கியவன் தனக்குப் பட்டதைப் பட்டபடி சொன்னான், அவ்வளவுதான்.

நான் வந்தது 2022 அக்டோபர் 1, சனிக்கிழமை. அறைச் சாவி கைக்கு வரும்போது இரவு ஒன்பதரை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் மூடியிருக்கும் என்று படித்திருந்தேன். திங்கட்கிழமை அக்டோபர் 3, ஜெர்மனி ஒன்றிணைந்த நாள், அன்றும் விடுமுறை என்பது தலையில் ஏறவே இல்லை. பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், விமானத்தில் சாப்பிடாமல் எடுத்து வைத்த ரொட்டி. பெரிய ரயில் நிலையங்களுக்குள் கடைகள் திறந்திருக்கும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஆனால் பசியைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஞாயிறு மதியம் ஜன்னலைத் திறந்தால் தெருவில் ஒரு சத்தம் இல்லை. பூமியில் என்னைத் தவிர எல்லோரும் எங்கேயோ போய்விட்ட மாதிரி இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, என் குரலாவது கேட்கட்டும் என்று பாஸ்போர்ட்டில் இருந்ததைச் சத்தமாகப் படித்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"முன்னாடியே விசாரித்துவிட்டு வரக் கூடாதா?" என்று கேட்கிறவர்களுக்கு. விசாரித்துவிட்டுத்தான் வருகிறோம். விசா கேட்கும்போதே பிளாக்டு அக்கவுண்ட் என்கிற, நம் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத கணக்கில் ஒரு வருஷச் செலவைக் கட்டச் சொல்கிறார்கள். நான் வந்தபோது 10,332 யூரோ, 2024 செப்டம்பரிலிருந்து 11,904. அந்தப் பணம் மாதாமாதம் பிரித்துத்தான் கைக்கு வரும். அதற்கு இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். பல வங்கிகள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்த தாள் கேட்கும். பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். வீட்டுக்காரருக்கு முதலில் முன்பணம் வேண்டும், சட்டப்படி மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். முன்பணமோ பூட்டிக் கிடக்கிற கணக்கில்! குடிவந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். எனக்குக் கிடைத்த தேதி ஐந்து வாரம் தள்ளி. இது அத்தனையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தவள் நான். எல்லாம் தெரிந்தும், அந்த ஐந்து வாரமும் தினம் காலையில் வயிற்றைப் பிசையும். தெரிந்துவிட்டால் வலிக்காது என்று யார் உங்களுக்குச் சொன்னது?

"இலவசப் படிப்புத்தானே" என்று ஒருவர். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, உண்மை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ என்பதும் உண்மை. கட்டணம் இல்லை என்பதற்காகக் கண்ணீரும் வரக் கூடாதா? இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுக்க விரும்பவில்லை.

ஒரு பெரியவர் எழுதியதுதான் என்னை யோசிக்க வைத்தது. எண்பதுகளில் ஈழத்திலிருந்து அகதியாக வந்தவர். கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம், உங்களுக்குக் கையில் போன் இருக்கிறதே என்றார். ஐயா, உங்களிடம் வாதாட எனக்கு வாய் வராது. நீங்கள் பட்டதில் ஒரு துளிகூட நாங்கள் படவில்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் தனியாக அழுதபோது யாராவது அதட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த அதட்டலை இவனுக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

போன் இருந்து என்ன செய்தேன் தெரியுமா? பொய் சொன்னேன். அந்த அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். அதற்குப் பிறகு இங்கே மாலை ஐந்தரை என்றால் அம்மாவுக்கு இரவு பத்து. நான் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது வெளியே நல்ல இருட்டு, அம்மா தூக்கக் கலக்கத்தில் இருப்பார். "நல்லா இருக்கேம்மா, ரொம்ப அழகா இருக்கும்மா" என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுவேன். அதே வாரம் மஞ்சள் இலைகளுக்கு நடுவே நின்று ஒரு படம் எடுத்து "கனவு நனவானது" என்று இங்கே போட்டேன். எல்லோரும் வாழ்த்தினீர்கள். அன்றைக்கு உண்மையை எழுதியிருந்தால் எனக்கும் இதே வார்த்தைகள்தான் வந்திருக்கும், இல்லையா?

போன வருஷம் இங்கே வந்த ஒரு தங்கை, "அக்கா, உங்க அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் ஜெர்மனியை முடிவு பண்ணினேன்" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. வந்து மூன்றாவது வாரம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழகான படத்தை மட்டும் போட்ட எங்களுக்கெல்லாம் பாராட்டு, உள்ளதைச் சொன்னவனுக்குச் செருப்படி. இது என்ன நியாயம்? அவன் சொன்னதை எனக்கு முன்னால் வந்த ஒருவர் சொல்லியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மட்டும்தான் இப்படி ஆகிறது என்று நினைத்திருக்க மாட்டேன்.

நேற்று இரவு அவனுக்குத் தனியாக எழுதினேன். வீடியோவைத் திரும்பப் போடு என்று கேட்டேன். முதல் வரியில் அவன் பேரை எழுதித்தான் ஆரம்பித்தேன். இன்னும் பார்க்கவில்லை.