புகைபோக்கி தெரியும் தூரத்தில் இருப்பவருக்கு எதைப் புரியவைக்கப் போகிறீர்கள்?

"மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, அதான் எதிர்க்கிறாங்க." நெய்வேலிப் பக்கம் நில எடுப்புப் பிரச்சினை வரும்போதெல்லாம் இந்த வசனம் முகநூலில் சுற்ற ஆரம்பித்துவிடும். சென்னைக்காரர் எழுதினால் விட்டுவிடலாம். பக்கத்துக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டும் எழுதுகிறார்கள். இங்கே சுரங்கமும் மின்நிலையமும் நடத்தும் பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி. தொடங்கியது 1956இல், பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது 1961இல். மூன்று தலைமுறையாகப் பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்குச் சுரங்கம் என்றால் என்னவென்று நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்தத் தெரிதலில் இருந்துதான் எதிர்ப்பே வருகிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே இருக்கும் நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் அடித்தரை உப்பிப் பிளந்து தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால் ராத்திரி பகலாக இறைத்தாக வேண்டும். சுற்று வட்டாரத்தில் நீர் அழுத்தம் இறங்குவது யாருடைய கவனக்குறைவாலும் நடப்பதல்ல, வேலையின் முறையே அதுதான். ஒரு காலத்தில் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் பீறிட்ட ஆர்ட்டீசியன் ஊற்றுகள் இருந்த பூமி இது.

அழுத்தம் இறங்கினால் கொல்லையில் என்ன ஆகும்? முதலில் மோட்டார் காற்றைப் பிடிக்கும், தண்ணீர் விட்டுவிட்டு வரும். மேலே இருந்த மோட்டாரை ஓரம்கட்டிவிட்டு நீர்மூழ்கி மோட்டார் வாங்க வேண்டும். நீர்மட்டம் இன்னும் இறங்கினால் அதையும் வெளியே எடுத்து, கூடுதலாகப் பைப்பும் கேபிளும் கோத்து, இன்னும் ஆழத்தில் விட வேண்டும். ஆழம் கூடக்கூட அதே 5 ஹெச்.பி. மோட்டாரில் வரும் தண்ணீர் குறையும். பெரிய மோட்டார் வைக்கலாம் என்றால் மின்வாரியத்தில் லோடு ஏற்ற வேண்டும். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம்தான், பைப்பும் கேபிளும் மோட்டாரும் இலவசமில்லை. இந்தச் செலவு எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் வருவதில்லை, ஏனென்றால் இவருடைய நிலத்தை யாரும் எடுக்கவே இல்லை!

இதில் ஒரு முரண் உண்டு. இறைத்த அதே சுரங்கத் தண்ணீர் வாலாஜா ஏரிக்குப் போய்ப் பாசனமாகிறது. அந்த ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கும் ஆயக்கட்டுக்காரர் பேசுவதும் ஆழ்துளைக் கிணறு வற்றியவர் பேசுவதும் எப்படி ஒன்றாக இருக்கும்? வீடு மின்நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் வைத்து மக்களைப் பிரித்துப் பார்க்கிற கருத்துக்கணிப்பில் இந்த வித்தியாசம் சிக்காது.

2023 ஜூலையில் நெய்வேலிப் பக்கத்து வளையமாதேவியில் என்.எல்.சி.யின் பரவனாற்று வாய்க்காலுக்காகப் பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியது நினைவிருக்கும். நிலம் கையகப்படுத்தப்பட்டது பல வருடம் முன்பு. ஆனால் யாரும் வந்து இறங்கவில்லை, உழவு தொடர்ந்தது, நிலத்தின் விலையும் ஏறிக்கொண்டே போனது. பத்திரத்தில் ஒரு முதலாளி, வரப்பில் இன்னொரு முதலாளி. கடைசியில் விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு என்று உத்தரவானது. எடுப்பதற்கும் இறங்குவதற்கும் நடுவில் இத்தனை வருடம் விட்டால் எந்த ஊர் ஒத்துக்கொள்ளும்?

உயர் மின்னழுத்தக் கம்பி சங்கதி இன்னும் நுணுக்கம். 230 கே.வி. லைனுக்குச் சுமார் 35 மீட்டர் அகலம் விட வேண்டும். கணக்குப் போட்டால் 115 மீட்டர் நீளத்துக்குக் கம்பி போனாலே ஒரு ஏக்கர் அதன் கீழே வந்துவிடுகிறது. உழலாம், நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) போடலாம். வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியின் கம்பத்தைத் தூக்க முடியாது. கரும்புச் சோகையைக் கொளுத்தினால் சூடும் புகையும் மேலே போய் லைன் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடும். ஒன்றிய அரசின் 2015 வழிகாட்டுதலில் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த மதிப்பில் 30 சதவீதம் என்பதில்தான் சண்டையே. பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பில் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, சந்தை விலையில் வாழ்கிறவரிடம் 'ஏன் திருப்தி இல்லை' என்றால் என்ன சொல்வார்? மேலே லைன் போகிற கொல்லையை விற்கப் போனால் முதலில் விலையைக் குறைத்துக் கேட்கிற காரணமே அந்த லைன்தான்.

இன்னொன்று. புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும், வீட்டில் ஃபேன் மெல்லச் சுற்றும். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் உயர் மின்னழுத்தத்தில் வெளியூர் போய்விடுகிறது. ஊருக்கு வருவது ஏதோ ஒரு துணை மின்நிலையத்திலிருந்து நீளும் 11 கே.வி. ஃபீடர். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி வீடு தள்ளி இருந்தால் வோல்டேஜ் விழத்தான் செய்யும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்து, நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பக்கத்தில் இருப்பதால் முன்னுரிமை எதுவும் வந்துவிடவில்லை. லைன் நடுவில் இன்னொரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கொடுத்தால், பத்து விழிப்புணர்வுக் கூட்டத்தைவிட வேலை செய்யும் என்பது என் கணிப்பு.

தண்ணீருக்கும் அப்படித்தான். கண்காணிப்புக் கிணறுகளின் அளவை மாதா மாதம் ரேஷன் கடைச் சுவரில் எழுதிப் போடுங்கள். கடல் மட்டத்துக்கு இத்தனை மீட்டர் என்று வேண்டாம். தரையிலிருந்து எத்தனை அடி கீழே, போன வருடம் இதே மாதம் எத்தனை அடி என்று எழுதினால் போதும், எத்தனை பைப் இறக்க வேண்டும் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.